மெம்ஃபிஸ் பெல்: ஒரு பெயர் வந்த வழி

அமெரிக்க வான்படையின் ஏட்டில் அந்த விமானம் வெறும் எண்: 41-24485. இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் போயிங் பி-17 எஃப் ரகக் குண்டுவீச்சு விமானம், நான்கு இயந்திரங்கள், உள்ளே பத்துப் பேர். எண்ணை இன்று யாரும் நினைப்பதில்லை. மூக்கில் தீட்டிய ‘மெம்ஃபிஸ் பெல்’ என்ற பெயர்தான் நிலைத்தது. அந்தப் பெயரின் முதற்சொல் கிளம்பிய இடம் ஒரு பிரமிடு.

சக்காராவில் எகிப்திய மன்னன் முதலாம் பெப்பி எழுப்பிய பிரமிடின் பெயரில் ‘மென்-நெஃபர்’ என்று வரும். ‘மென்’ என்றால் நிலைத்தது. ‘நெஃபர்’ என்றால் நல்லது, அழகியது. அரசி நெஃபர்டிட்டியின் பெயரில் இருப்பதும் இந்த நெஃபர்தான். பிரமிடின் பெயர் பக்கத்து நகரத்துக்கும் ஒட்டிக்கொண்டது. கிரேக்கர் வாயில் புகுந்து மெம்ஃபிஸ் ஆயிற்று. 1819இல் மிசிசிப்பிக் கரையில் புது ஊர் கண்ட ஆண்ட்ரூ ஜாக்சன் முதலிய மூவர், கண்ணெதிரே ஓடிய ஆற்றை நைல் நதியாகப் பாவித்தார்கள். டென்னசி மாநிலத்துக்கு ஒரு மெம்ஃபிஸ் கிடைத்தது.

‘பெல்’ பிரெஞ்சுச் சொல். அழகி என்று பொருள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பெரிய வீட்டுப் பெண்களைக் குறிக்கும் செல்லப் பட்டமாகவும் அது புழங்கியது. மூலம் லத்தீன் ‘பெல்லுஸ்’. அதுவோ ‘நல்ல’ என்னும் பொருளுடைய ‘போனுஸ்’ வழியில் பிறந்த குறுமை வடிவம். லத்தீனில் போருக்கு ‘பெல்லும்’ என்று பெயர் என்பதால், போர் விமானத்தோடு முடிச்சுப் போட ஆசை வரும். அவசரப்படக் கூடாது. ‘பெல்லும்’ பழைய ‘துவெல்லும்’ என்பதன் திரிபு. அதன் வேர் உறுதியாகத் தெரியவில்லை.

நன்மையும் அழகும் ஒரே சொல்லில் குடியிருப்பது நமக்குப் புதிதல்ல. ‘நன்னுதல்’ என்றால் ஒழுக்கமான நெற்றி என்று யாரும் உரை எழுதுவதில்லை. ஆக, எகிப்து வழியில் ஒரு முறையும் ரோம் வழியில் ஒரு முறையும் அழகு இந்தப் பெயருக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

விமானி ராபர்ட் மார்கனுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவைப்படவில்லை. அவர் காதலித்த மார்கரெட் போக் மெம்ஃபிஸ் நகரத்துப் பெண். அவரை அழைக்கும் ‘லிட்டில் ஒன்’ என்ற செல்லப்பெயரையே முதலில் விமானத்துக்கு எண்ணியிருந்தார். இடையில், துணை விமானி ஜேம்ஸ் வெரினிஸுடன் ‘லேடி ஃபார் எ நைட்’ என்ற திரைப்படம் பார்த்தார். அதில் ஜோன் புளாண்டெல் நடித்த பாத்திரத்துக்குச் சொந்தமான சூதாட்டப் படகின் பெயர் மெம்ஃபிஸ் பெல். பெயர் மாறிவிட்டது. ஜார்ஜ் பெட்டி வரைந்த பெண்ணோவியத்தை டோனி ஸ்டார்சர் விமானத்தில் தீட்டினார். இடப்புறம் நீல நீச்சலுடை, வலப்புறம் சிவப்பு.

இங்கிலாந்தின் பாசிங்போர்ன் தளத்திலிருந்து 91ஆம் குண்டுவீச்சுப் பிரிவோடு பறந்த விமானம் இது. முதல் தாக்குதல் 1942 நவம்பர் 7 அன்று, பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தின்மீது. பட்டப்பகலில் போகவேண்டும், இலக்கு வரை துணைக்கு வரும் அளவு எரிபொருள் அன்றைய போர் விமானங்களுக்குக் கிடையாது. 25 முறை போய்த் திரும்பினால் வீட்டுக்கு அனுப்புவார்கள். பலர் அந்த எண்ணைத் தொடவில்லை. மார்கன் குழுவின் 25ஆவது தாக்குதல் 1943 மே 17 அன்று லோரியான்மீது நடந்தது. விமானத்தின் 25ஆவது அதற்கு இரண்டு நாள் கழித்து, கீல் நகரின்மீது, வேறு குழுவோடு. குழு சில நாள் வேறு விமானங்களில் பறந்ததால் வந்த கணக்கு இது. ஒரே பெயர் விமானத்தையும் ஆட்களையும் சேர்த்துக் குறித்ததால் வெளியே இந்த வேறுபாடு தெரியவில்லை.

முந்திக்கொண்டவர்களும் உண்டு. ‘ஹாட் ஸ்டஃப்’ என்ற பி-24 பிப்ரவரியிலேயே 25ஐ முடித்தது. தாயகம் திரும்பும் வழியில் மே 3 அன்று ஐஸ்லாந்தில் மோதி நொறுங்கியது. ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ மே 13இல் முடித்தது. ஆனால் ஆவணப்படம் எடுக்க வந்த இயக்குநர் வில்லியம் வைலரின் கேமரா இருந்தது பெல்லில். நரகத்துத் தேவதைகள் என்று அர்த்தம் தரும் பெயரைவிட ஓர் ஊர் அழகியின் பெயர் போர்க் கடன்பத்திரம் விற்கத் தோதானது என்பது என் எண்ணம். பத்திரம் விற்க நாடு சுற்றிய குழுவோடு வெரினிஸின் நாய்க்குட்டியும் போனது. அதன் பெயர் ஸ்டூகா; ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானத்தின் பெயர்!

காதல் கல்யாணம் வரை போகவில்லை. மார்கன் டாட்டி என்ற வேறொரு பெண்ணை மணந்தார். 1944 நவம்பர் 24 அன்று டோக்கியோமீது பி-29 விமானங்களின் முதல் தாக்குதலில் முன்னே போனது அவர் விமானம். பெயர் ‘டான்ட்லெஸ் டாட்டி’. பழைய பெல்லை 1946இல் மெம்ஃபிஸ் நகரம் 350 டாலருக்கு வாங்கியது. இப்போது அது ஓஹையோவின் டேட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1990இல் வைலரின் மகள் கேத்தரின் இணைந்து தயாரித்த கதைப்படம் வந்தது. அதில் விமானம் மெம்ஃபிஸ் பெல்தான். உள்ளே இருந்த பத்துப் பேருக்கும் கற்பனைப் பெயர்கள். மார்கன் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் டென்னிஸ் டியர்போர்ன்.