ஆறாவது ஓட்டக்காரர்: அனைத்துலகக் குறுக்கோட்டத்தின் முதற்காலம்

ஓட்டப் போட்டி என்றவுடன், முதலில் வந்தவர் யார் என்று கேட்பதே நம் வழக்கம். குறுக்கோட்டத்தின் வரலாற்றை அக்கேள்வியோடு படிக்கப் புகுவோர் விரைவில் ஒரு புதிரை எதிர்ப்படுவர். 1911, 1912, 1913 ஆகிய மூன்றாண்டுகளிலும் அனைத்துலகக் குறுக்கோட்டப் போட்டியில் முதலாவதாக ஓடிவந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அம்மூன்றாண்டுகளிலும் வெற்றி பெற்ற நாடு இங்கிலாந்து. இஃது எங்ஙனம் நேர்ந்தது? விடை காண வேண்டுமாயின் அப்போட்டியின் பிறப்பையும் அதன் கணக்குமுறையையும் சற்றே விரிவாகப் பார்த்தல் வேண்டும். கணக்கு என்றதும் வாசகர் அஞ்ச வேண்டா. மூன்றாம் ஆண்டு மாணவன் போடக்கூடிய கூட்டல்தான்.

குறுக்கோட்டம் இங்கிலாந்தின் பள்ளிக்கூடங்களிற் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஷ்ரூஸ்பரி, ரக்பி முதலிய பள்ளிகளின் மாணவர் 'முயலும் வேட்டைநாய்களும்' என்றொரு விளையாட்டை ஆடினர். இருவர் முயல்களாகி, ஒரு பை நிறையக் காகிதத் துண்டுகளை வழியெங்கும் சிதறிக்கொண்டு முன்னே ஓடுவர். ஏனையோர் வேட்டைநாய்களாகி, அக்காகிதத் தடத்தைப் பற்றி வயலும் வேலியும் ஓடையும் கடந்து துரத்துவர். தாமஸ் ஹியூஸ் 1857இல் வெளியிட்ட பள்ளிக்கதையில் இவ்விளையாட்டு இடம்பெற்றிருத்தலை அந்நூலைப் படித்தோர் அறிவர். இன்றும் இங்கிலாந்தின் ஓட்டக் கழகங்கள் பல 'ஹாரியர்ஸ்' என்று பெயர் தாங்கியிருப்பதன் காரணமும் இதுவே. ஹாரியர் என்பது முயலைத் துரத்தும் நாய்க்குப் பெயர்.

பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டைப் பெரியவர்கள் கைக்கொண்டபோது தொடக்கம் அவ்வளவு பெருமையாக இல்லை. 1876இல் எப்பிங் காட்டில் இங்கிலாந்தின் முதலாவது தேசியக் குறுக்கோட்டம் நடைபெற்றது. ஓடியவர் 32 பேர். அத்தனை பேரும் வழி தவறிவிட்டனர்! போட்டி செல்லாது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டுதான் முறையான முதற்போட்டி நடந்தேறியது. விளையாட்டு விழாவுக்குத் தடம் வகுத்துக் கொடிக்கம்பு நட்டுப் பழகிய ஆசிரியர் எவரும் இதைப் படித்துச் சிரித்துவிட மாட்டார்.

இனிக் கணக்குக்கு வருவோம். குறுக்கோட்டத்தில் ஒருவர் எத்தனையாவதாக வருகிறாரோ அதுவே அவருடைய புள்ளி. முதலாவதாக வந்தவருக்கு 1, பத்தாவதாக வந்தவருக்கு 10. ஓர் அணியில் முந்தி வரும் ஆறு பேரின் புள்ளிகளைக் கூட்டுவர். எந்த அணியின் கூட்டுத்தொகை குறைவோ அந்த அணி வெல்லும். ஆறு பேரும் முதல் ஆறு இடங்களைப் பிடித்தால் 21. அதனினும் குறைந்த தொகை கிடையாது.

1898ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பாரிசுக்கு அருகிலுள்ள வீல் தாவ்ரே என்னுமிடத்தில், இங்கிலாந்தும் பிரான்சும் பக்கத்துக்கு எட்டுப் பேராக மோதின. இரு நாடுகளுக்கிடையே நடந்த முதற் குறுக்கோட்டம் இதுவே. முதல் எட்டு இடங்களும் ஆங்கிலேயருக்கு. முடிவு: இங்கிலாந்து 21, பிரான்சு 69. இவ்வெண்களைச் சற்று உற்றுநோக்குதல் தகும். இங்கிலாந்தின் 21 முதல் ஆறு பேர் ஈட்டியது. அப்படியானால் ஏழாவதாகவும் எட்டாவதாகவும் வந்த இருவர் ஓடியது வீணோ? அவ்விருவரும் இல்லாதிருந்தால் பிரெஞ்சுக்காரர் 7 முதல் 12 வரையிலான இடங்களைப் பெற்று 57 புள்ளியில் நின்றிருப்பர். அவ்விருவர் முன்னே வந்தமையால் 9 முதல் 14 வரை தள்ளப்பட்டு 69 ஆயினர். தம் அணியின் கணக்கிற் சேராத இருவர் எதிரியின் கணக்கில் 12 புள்ளிகளை ஏற்றிவைத்தனர். குறுக்கோட்டத்தின் நுட்பம் முழுவதும் இந்த 12இல் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

ஆண்டுதோறும் நடைபெறும் அனைத்துலகப் போட்டி 28-3-1903 அன்று ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் தொடங்கியது. பங்கு கொண்டவை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகிய நான்கே. தூரம் ஏறத்தாழ 8 மைல். நான்கும் ஒரே அரசின் கீழ் இருந்தவையாயிற்றே, இதை அனைத்துலகப் போட்டி எனலாமா என்று வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் அயர்லாந்து வீரர்கள் பிரிட்டனின் பெயரில்தான் ஓட வேண்டியிருந்தது. சேறு நிறைந்த இக்குதிரைத் திடலிலோ, ஆளப்படும் நாடாகிய அயர்லாந்து தன் சொந்தப் பெயருடன் ஆளும் நாட்டுக்கு நிகராக வரிசையில் நின்றது.

அந்த அயர்லாந்தைச் சேர்ந்த ஜான் டேலி என்பவர் மூன்றாவதாக வந்தார். அவருக்கு முன்னே வந்தோர் ஆல்பிரட் ஷிரப், டாம் எட்வர்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர் இருவர். பின்னே நான்கு முதல் ஏழு வரை ஆங்கிலேயர். இங்கிலாந்தின் தொகை 25. டேலி ஒருவர் இடையிற் புகுந்ததால் 21 ஆக இருக்க வேண்டியது 25 ஆயிற்று. ஒற்றை மனிதரால் நான்கு புள்ளிகளே ஏற்ற முடிந்தது.

முதலாவதாக வந்த ஷிரப்பைப் பற்றிச் சில சொற்கள் கூறாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. சசெக்ஸ் வட்டாரத்தில் ஸ்லின்போல்டு என்னும் சிற்றூரிற் பிறந்த கட்டடத் தொழிலாளி அவர். ஊரில் ஒரு நாள் தீப்பற்றியபோது, தீயணைப்பு வண்டியோடு வேலைப் பூட்சுடனேயே ஓடி, உடன் ஓடிய கழக வீரரை வியக்க வைத்தார் என்றும், அவ்வாறுதான் கழகத்திற்கு அழைத்து வரப்பட்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. 1904ஆம் ஆண்டிலும் அவரே முதலாவதாக வந்தார். அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள் கிளாஸ்கோவில் ஒரு மணி நேரத்தில் 18,742 மீட்டர் ஓடிச் சாதனை நிறுவினார். மறு ஆண்டே, ஓட்டத்திற்குப் பணம் பெற்றார் என்று குற்றஞ்சாட்டி அமெச்சூர் போட்டிகளிலிருந்து அவரை வாழ்நாள் முழுவதும் விலக்கிவிட்டனர். கூலி வாங்கி உண்பவர் ஒரு நாள் வேலையை விட்டு ஓடினால் அந்த நாட்கூலியை யார் தருவர் என்பதை அவ்விதியை வகுத்த கனவான்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1953இல்தான் தடை நீங்கிற்று. அப்பொழுது அவருக்கு எழுபதுக்கு மேல் வயது!

ஷிரப் போனார், இங்கிலாந்து தோற்றதா? இல்லை. 1905இல் ஆல்ட்ரிஜ், 1906இல் ஸ்ட்ரா, 1907இல் அண்டர்வுட் என ஆண்டுக்கொரு புதுப்பெயர் முன்னே வந்தது. அணிப் பட்டமும் இங்கிலாந்தைவிட்டு நகரவில்லை. 1907இல் பிரான்சு ஐந்தாவது நாடாகச் சேர்ந்தது. அதன் பின்னர்த் தோன்றியவரே ழான் புவான். 1888இல் மார்சேல் நகரிற் பிறந்தவர். 1911இல் வேல்சின் நியூபோர்ட்டில் அவர் வென்றபோது, ஆங்கிலேயர் அல்லாத ஒருவர் முதலிடம் பெறுவது அதுவே முதன்முறை. 1912இல் எடின்பரோவில் மீண்டும் வென்றார். 1913இல் தம் தாய்நாட்டில், ஜூவிசி என்னுமிடத்தில், மூன்றாம் முறையும் வென்றார். அவ்வாண்டே ஒரு மணி நேரத்தில் 19,021 மீட்டர் ஓடி, ஷிரப்பின் சாதனையையும் 279 மீட்டரால் கடந்தார். இத்தகைய வீரர் இருந்தும் பிரான்சு அணிப் பட்டத்தை எட்டவில்லை.

இதை நான் என் தோட்டப் பள்ளியில் ஒருமுறை பலகையில் எழுதிக் காட்டினேன். கற்பனைக் கணக்குத்தான். ஓர் அணிக்கு 1, 20, 22, 25, 27, 30. மற்றோர் அணிக்கு 5, 6, 8, 9, 10, 12. கூட்டுங்கள் என்றேன். முதல் அணிக்கு 125, இரண்டாவதற்கு 50. வகுப்பு சிறிது நேரம் பேசாதிருந்தது. பிறகு, ஓட்டம் என்றாலே செம்பனைக் காட்டு வளைவில் நடக்கத் தொடங்கிவிடும் ஒரு பையன் எழுந்து, “அப்படின்னா நான் பின்னால வந்தாலும் பாதியில நிக்கக் கூடாதுங்களா ஐயா?” என்று கேட்டான். நம் பள்ளிகளில் விளையாட்டு இல்லங்களுக்குப் புள்ளி சேர்க்கும் முறை உண்டு. ஆனால் முதற் சிலரின் பெயரை எழுதியதும் முடிவுக் கோட்டில் நிற்கும் ஆசிரியர் தாளை மடித்துவிடுவதும் உண்டு. நானும் பல்லாண்டுகள் அப்படித்தான் மடித்திருக்கிறேன். அவன் கேட்ட பின்னர்க் கடைசிப் பிள்ளை வரும்வரை எண் எழுதி வருகிறோம்.

இங்கிலாந்து மக்கள் மிகுந்த நாடு, ஆகவே வென்றது என்பார் உளர். ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகியவற்றோடு ஒப்பிடுங்கால் அது சரியே. ஆனால் பிரான்சு மக்கள்தொகையில் இங்கிலாந்துக்கு இளைத்ததன்று. வேறுபாடு கழகங்களில் இருந்தது. பர்மிங்காமில் பர்ச்ச்பீல்டு ஹாரியர்ஸ் 1877இலேயே தோன்றிவிட்டது. சால்போர்டு முதலிய ஆலை நகரங்களிலும் கழகங்கள் வேரூன்றின. குளிர்காலம் முழுவதும் வேலை முடிந்த சனிக்கிழமைகளில் சேற்றில் ஓடிப் பழகிய அவர்கள் நடுவே ஆறாவது ஆளுக்கும் மதிப்பு உண்டு. முதலாமவர் போய்விட்டால் அடுத்தவர் அங்கேயே இருந்தார். பிரான்சுக்கு ஒரு புவான் கிடைத்தார்; அவரோடு நெருங்கி ஓடும் ஐவர் அப்போது கிடைக்கவில்லை.

28-3-1914 அன்று இங்கிலாந்தின் செஷம் நகரில் நடந்தது போருக்கு முந்திய கடைசிப் போட்டி. அதிலும் வென்றது இங்கிலாந்தே. தொடர்ச்சியாகப் பன்னிரண்டாவது வெற்றி. ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன், 1912இல், ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கின் 5,000 மீட்டர் ஓட்டத்தில் பின்லாந்தின் கொலேமெய்னனிடம் ஒரு நொடியில் பத்திலொரு பங்கு வேறுபாட்டில் தோற்று இரண்டாவதாக வந்தவர் புவான். மூன்றாவதாக வந்தவர் பிரிட்டனின் ஜார்ஜ் ஹட்சன். ஹட்சன் 14-9-1914 அன்று போர்க்களத்தில் மாண்டார். புவான் அதே திங்கள் 29ஆம் நாள் மாண்டார். புவானுக்கு அப்போது வயது 25.

போரினால் 1915 முதல் 1919 வரை போட்டி நடைபெறவில்லை. 1920இல் பெல்பாஸ்டில் மீண்டும் தொடங்கியபோது ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் வில்சன் முதலாவதாக வந்தார்; அணிப் பட்டம் வழக்கம்போல் இங்கிலாந்துக்கு. 1921இலும் அவ்வாறே. பதினான்கு போட்டிகள், பதினான்கு வெற்றிகள்.

1922இல் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் முதலாவதாக வந்தவர் பிரான்சின் ஜோசப் கீயெமோ. போர்முனையில் நச்சுப்புகையால் நுரையீரல் கெட்டு, பின் தேறி, 1920 ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் ஓட்டத்தை வென்றவர் அவர். ஆனால் இம்முறை அவர் கோட்டைக் கடந்த பின்னரும் நீலச் சட்டைக்காரர்கள் வந்துகொண்டே இருந்தனர். ஆறாவது பிரெஞ்சுக்காரரும் வந்து சேர்ந்து, எண்களைக் கூட்டியபோது, அணிப் பட்டம் முதன்முறையாகப் பிரான்சுக்குச் சென்றது. புவான் இறந்து அப்போது ஏழாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.