காடு மூடிய குளங்களும் ஆறிய மண்ணும்

வன்னி என்றதும் காடே நம் நினைவுக்கு வருகின்றது. பாலையும் முதிரையும் வீரையும் கருங்காலியும் ஓங்கி நிற்கும் இக்காடு படைப்புக் காலந்தொட்டு இவ்வாறே இருந்ததென நம்மிற் பலர் எண்ணுவதுண்டு. வரலாறோ வேறொன்று கூறுகின்றது. அக்காட்டினுள்ளே உடைந்த குளக்கட்டுகளும் மதகுக் கற்களும் பல இடங்களிற் காணப்படுகின்றன. இன்று மரம் நிற்கும் பல இடங்களில் அன்று நெல் விளைந்தது.

வவுனிக்குளத்தை எடுத்துக்கொள்வோம். மகாவம்சம் குறிப்பிடும் பெலிவாபி இதுவேயென, நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட நூலிற் கருதினார். எல்லாள மன்னன் காலத்தோடு இதனை இணைத்துக் கூறுவோரும் உளர். 1215இல் மாகன் படையெடுத்த பின்னர், 13ஆம் நூற்றாண்டில் வறண்ட வலயத்தின் குளநாகரிகம் சிதைந்தது. போரும், குளங்களைப் பேணும் ஆட்சி தளர்ந்தமையும், மலேரியாவும் அதற்குக் காரணங்களெனக் கூறுவர். கட்டுகள் உடைந்தன, மக்கள் அகன்றனர், காடு புகுந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் வவுனிக்குளம் மீண்டும் நீர் கண்டது.

கைவிட்ட வயல் காடாவது ஒரே நாளில் அன்று. முதலிற் புல்லும் கோரையும் பரவும். பின்னர் ஆவரசு முதலிய செடிகள் தலைகாட்டும். அடுத்து ஈச்சையும் சூரையும் காரையும் முட்பற்றையாகி நிலத்தை மூடும். அந்நிழலில் ஈரம் தங்கும். உதிர்ந்த இலை மக்கி உரமாகும். பாலைப்பழம் உண்ட கரடியும் குரங்கும் பறவையும் வித்துக்களைக் கொணர்ந்து சேர்க்கும். மெல்ல வளரும் பெருமரங்கள் இறுதியில் மேலோங்கும். ஒரு கூட்டம் அடுத்த கூட்டத்துக்கு இடம் சமைத்துவிட்டுத் தான் ஒதுங்கும் இம்முறையைத் தாவர வழிமுறை வளர்ச்சி என்பர்.

1916இல் அமெரிக்க அறிஞர் கிளெமென்ற்ஸ், இவ்வளர்ச்சி அந்தந்தக் காலநிலைக்குரிய ஒரே முடிவை நோக்கியே செல்லும் என்றார். 1926இல் கிளீசன் இதனை மறுத்து, எந்த வித்து எப்போது வந்து விழுகின்றது என்பதும் முடிவை மாற்றும் என்றார். வன்னியைப் பார்த்தால் கிளீசன் கூற்றிலும் உண்மை தெரிகின்றது. அமெரிக்காவிலிருந்து வந்த நாயுண்ணிச் செடி மாகன் காலத்தில் இங்கில்லை; இன்றோ பற்றையெங்கும் அதுவே. மேலும், ஒரே இடத்தை ஆறவிடாது அடுத்தடுத்துச் சேனைக்கு வெட்டி எரித்தால், பெருமரம் எழாது பற்றையே நிலைத்துவிடும். ஆகவே காடு மீளும். ஆனால் மீண்டது பழையதே என்பதற்கில்லை.

இது பழங்கதை மட்டுமன்று. 2009இல் போர் முடிந்து, அடுத்த ஆண்டு நாங்கள் ஊர் திரும்பியபோது நான் சிறுபிள்ளை. எமது வயலில் என் தலைக்கு மேலே பற்றை நின்றது. நான் அழுதேன். அப்புவோ ஒரு பிடி மண்ணை எடுத்து நுகர்ந்து பார்த்து, “நிலம் நல்லா ஆறியிருக்கு மோனை” என்றார். பல்கலைக்கழகத்தில் நான் பின்னர் கற்ற பாடத்தின் சாரம் அச்சொல்லிலேயே அடங்கியிருந்தது.

அப்பற்றையினால் இன்னொரு வழக்கும் எழுந்துள்ளது. போரினால் மக்கள் அகன்ற காணிகள் காடாயினமையால், அவை வனப்பகுதியென எல்லையிடப்பட்டதாக வன்னிக் கிராமங்கள் பலவற்றில் முறையிடுகின்றனர். காடு வேண்டும் என்பதில் ஐயமில்லை. மழைநீரைக் காத்துக் குளத்துக்கு அளிப்பது அதுவே. ஆயினும் இருபது வயதுப் பற்றையையும் இருநூறு வயதுப் பாலையையும் ஒன்றாக எண்ணுதல் நிலத்தின் வரலாற்றை அறியாமையாகும். பழைய கிணறும் வரம்பும் அங்கே சாட்சியாக நிற்கின்றன.

ஆதலின் இளைஞர்களாகிய நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நம் ஊரில் எது வயல், எது சேனை, எது என்றும் வெட்டப்படாத காடு என்பதை முதியோரிடம் கேட்டு இன்றே எழுதி வைப்போம். மண் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும். ஆனால் அங்கே வாழ்ந்தவர் யாரென்பதை அது எழுதி வைப்பதில்லை. அதனை எழுத வேண்டியவர் நாமே.