சினமும் காட்டியல்பும்: சில கிரேக்கப் பெயரடைகளின் வரலாறு

புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தைக் கற்போர் அருகி வரும் பெயரடைகளைப் பட்டியலாக மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவதுண்டு. சினத்தையும் காட்டியல்பையும் உணர்த்தும் சொற்களையோ அவற்றின் வரலாற்றோடு கற்பதே நலம். அருட்பணிக்கும் அது பயன்படும்.

'அக்ரியோஸ்' என்பது வயலையும் நாட்டுப்புறத்தையும் குறிக்கும் 'அக்ரோஸ்' என்னும் பெயரிலிருந்து பிறந்தது. பயிரிடப்படாமல் தானே வளர்வது என்பது அதன் இயல்பான பொருள். ஆயினும் ஹோமர் காலத்திலேயே அது மனிதர்மேல் ஏறிவிட்டது. ஒதீசியின் 9ஆம் காண்டத்தில் அது நீதியறியாதவரைச் சுட்டுகிறது. இலியத்தின் 24ஆம் காண்டத்தில் அக்கிலேசின் சினம் சிங்கத்தின் காட்டியல்புக்கு ஒப்பிடப்படுகிறது. புதிய ஏற்பாட்டில் இச்சொல் மும்முறையே வருகிறது: இருமுறை யோவான் ஸ்நானன் உண்ட காட்டுத்தேனுக்கும் (மத். 3:4, மாற். 1:6), ஒருமுறை கள்ளப்போதகரை உருவகிக்கும் கடலலைகளுக்கும் (யூதா 13). பழக்கப்பட்டதைக் குறிக்கும் 'ஹேமெரோஸ்' என்பதன் எதிர்மறையாகிய 'அனேமெரோஸ்' 2 தீமோ. 3:3இல் மட்டுமே உண்டு. இது கூட்டுச்சொல்லாதலின் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒரே ஈற்றைப் பெறும்.

சினத்தின் வகைகளைப் பிரித்துக் காட்டியவர் கி.மு. 4ஆம் நூற்றாண்டினரான அரிஸ்டாட்டில். நிக்கோமாக்கிய அறநூலின் 4ஆம் புத்தகத்தில், 'ஒர்கிலோஸ்' விரைவில் சினந்து விரைவில் தணிபவன். 'பிக்ரோஸ்' சினத்தை உள்ளத்தில் நெடுநாள் அடக்கி வைப்பவன். 'கலெபோஸ்' பழிவாங்காமல் அடங்காதவன். தகுந்த காரணத்திற்காக, தகுந்தவர்மேல், தகுந்த அளவே சினப்பவன் 'ப்ராயோஸ்', அதாவது சாந்தகுணமுள்ளவன்.

திருமறையாசிரியர்கள் இப்பாகுபாட்டை அப்படியே பின்பற்றினர் என்று கொள்ளலாகாது. 'கலெபோஸ்' கல்லறைகளிலிருந்து வந்த பிசாசு பிடித்த இருவரையும் (மத். 8:28), கடைசி நாட்களின் கொடுங்காலத்தையும் (2 தீமோ. 3:1) குறிக்கிறது, 'பிக்ரோஸ்' யாக்கோபு 3:14இல் வைராக்கியத்திற்கு அடையாகிறது. எனினும் ஒன்று நம் சிந்தைக்குரியது. அரிஸ்டாட்டில் இம்மூன்றனுள் எளிதில் பொறுக்கத்தக்கதாக எண்ணிய 'ஒர்கிலோஸ்' என்னும் குறையே கண்காணிக்கு ஆகாதென்று தீத்து 1:7 விலக்குகிறது. நம் திருப்புதலில் இது 'முற்கோபம்' என நிற்கிறது. விரைவில் தணிந்துவிடுகிறது என்பதால் ஆயரின் கோபம் மன்னிக்கத்தக்கதாகிவிடாது. தணிந்தவர் அவர், காயமுற்றது மந்தை.

காட்டியல்புக்கோ வேறொரு முடிவும் உண்டு. ரோமர் 11ஆம் அதிகாரத்தில் பவுல் புறவினத்தாரைக் காட்டொலிவமரம் என்கிறார். அச்சொல்லிலும் 'அக்ரியோஸ்' அடங்கியுள்ளது. அக்காட்டுக்கிளை எரிக்கப்படவில்லை, நல்ல ஒலிவமரத்தில் ஒட்டப்பட்டது.