குளுக்கோஸ் தண்ணியும் நம்ம திருவள்ளூரும்

போன மாசம் தங்கச்சி போன் பண்ணினாள். ஆறாவது மாசம். கும்மிடிப்பூண்டியில் குடித்தனம், மாப்பிள்ளைக்கு சிப்காட்டில் ஷிப்டு வேலை. "சுகர் இருக்குன்னு சொல்லிட்டாங்கண்ணா. நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று ஒரே அழுகை. "நம்ம வம்சத்துலயே யாருக்கும் இல்லையே" என்று அம்மா ஒரு பக்கம். "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும், நீ தின்னு" என்று மாமியார் இன்னொரு பக்கம்.

அவளைச் சமாதானப்படுத்த ஏதாவது விஷயம் வேணுமேன்னு படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிஞ்சது, இந்தக் கதை நம்ம மாவட்டம் வழியாவே போகுதுன்னு. அதான் இந்தப் பதிவு.

கதை 1824ல் பெர்லினில் ஆரம்பிக்குது. பென்னேவிட்ஸ் என்கிற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டில் ஒரு கர்ப்பிணியைப் பற்றி எழுதினார். தீராத தாகம், சிறுநீரில் சர்க்கரை. குழந்தை ரொம்பப் பெரிசு, பிழைக்கலை. பிரசவத்துக்கு அப்புறம் தாயின் சர்க்கரை மறைஞ்சு போச்சு. அப்போ கர்ப்பம்தான் இதைக் கொண்டு வந்திருக்கணும் என்று யோசித்தார் அவர்.

யோசனை சரிதான். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை வேலை செய்ய விடாது. உடம்பு கூடுதலா இன்சுலின் சுரந்து ஈடுகட்டணும். முடியலைன்னா சர்க்கரை ஏறும். அந்தச் சர்க்கரை குழந்தைக்குப் போகும், ஆனா தாயின் இன்சுலின் போகாது. குழந்தையே இன்சுலினைச் சுரந்து தள்ளி, கொழுத்து வளரும். பிறந்தவுடன் அதுக்கு சர்க்கரை தடாலென்று இறங்கும். இதில் தங்கச்சி பண்ண தப்பு எங்கே இருக்கு?

1921ல் டொரண்டோவில் இன்சுலின் கண்டுபிடிச்ச பிறகு வைத்தியத்துக்கு வழி பிறந்தது. யாருக்கு வைத்தியம் என்பதற்கு அளவு? 1964ல் பாஸ்டனில் ஓ'சல்லிவனும் மாகனும் 752 கர்ப்பிணிகளின் ரத்தத்தைப் பார்த்து ஒரு கணக்கு வகுத்தார்கள். வெறும் வயிற்றில் வரணும், 100 கிராம் குளுக்கோஸ் குடிக்கணும், மூணு மணி நேரத்தில் நாலு முறை ஊசி. இன்னொரு விஷயம், அவர்கள் பார்த்தது எந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் என்பதை. குழந்தைக்காகப் போட்ட கணக்கே இல்லை அது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ஏதோ ஒரு கிராமத்திலிருந்து பஸ் பிடிச்சு வர்ற கர்ப்பிணியிடம் "சாப்பிட்டுட்டியா? நாளைக்கு வெறும் வயித்துல வாம்மா" என்றால் என்ன ஆகும்? ஒரு நாள் கூலி போச்சு, மசக்கை வேற. பல பேர் திரும்பி வரவே மாட்டாங்க.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையைத் தொடங்கிய டாக்டர் வி. சேஷையா இதற்கு ஒரு வழி சொன்னார். சாப்பிட்டாளா இல்லையா கேட்காதே. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணியில் கரைச்சுக் கொடு, ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரே ஒரு ஊசி. 140 அல்லது அதுக்கு மேல் இருந்தால் வைத்தியம் ஆரம்பி. அவ்வளவுதான்!

அவர் குழு சென்னை நகரம், சைதாப்பேட்டை, கிராமப்புறத்துக்கு நம்ம திருவள்ளூர் என்று மூணு இடத்தில் கர்ப்பிணிகளைச் சோதித்தது. முடிவு 2008ல் வெளியானது. சென்னையில் 17.8 சதவீதம், சைதாப்பேட்டையில் 13.8, திருவள்ளூரில் 9.9. நம்ம பக்கம் 3945 பேரில் 392 பேர்! பணக்கார வியாதி, பட்டணத்து வியாதி என்ற பேச்சு அதோடு முடிஞ்சது. இதற்கிடையில் 2007லேயே தமிழக அரசு எல்லா கர்ப்பிணிக்கும் இந்தச் சோதனை என்று ஆணை போட்டுவிட்டது. மத்திய அரசின் வழிகாட்டுதல் 2014ல்தான் வந்தது. சேஷையாவுக்கு 2022ல் பத்மஸ்ரீ. அவர் பிறந்த மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள்.

எல்லோரும் ஒத்துக்கிட்டாங்கன்னு நினைக்காதீங்க. 2013ல் உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்றுச் சோதனையைத்தான் சொன்னது. சென்னையிலேயே டாக்டர் வி. மோகன் குழு, சாப்பிட்ட வயிற்றில் பார்த்தால் நிறைய பேர் தப்பிவிடுகிறார்கள் என்று எழுதியது. நியாயம்தான். ஆனா துல்லியமான சோதனைக்கு வராமலே போறவங்களும் தப்பினவங்கதானே?

தங்கச்சிக்கு இதையெல்லாம் சுருக்கமா சொன்னேன். இப்போ சோறு அளவா மூணு வேளை, நடுவில் சுண்டல், மோர்னு பிரிச்சு சாப்பிடறா. சாப்பிட்டதும் தெருவில் ஒரு நடை. ரெண்டு வாரம் கழிச்சு சாப்பாட்டுக்குப் பின் பார்த்ததில் 120க்குள் வந்திருச்சு, ஊசி வேண்டாம்னுட்டாங்க. மாமியாரும் கூடவே நடக்கிறாங்களாம் :-) வளைகாப்பு கலந்த சாதத்தை மட்டும் எப்படிச் சமாளிக்கப் போறான்னு தெரியலை.

ஒண்ணே ஒண்ணு கண்டிப்பா சொல்லி வச்சிருக்கேன். குழந்தை பிறந்து ஆறு வாரம் கழிச்சு திரும்பவும் சோதனைக்குப் போகணும். சர்க்கரை போயிருச்சுன்னு கைக்குழந்தையோட எல்லாரும் மறந்துடறது அங்கேதான். இப்படிப்பட்ட தாய்க்கும் பிள்ளைக்கும் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். அந்த 392 பேர் வயிற்றில் அன்னிக்கு இருந்த பிள்ளைகளுக்கு இப்போ காலேஜ் போற வயசு. அதில் பொண்ணுங்க சிலர் இன்னும் கொஞ்ச வருஷத்தில் அதே குளுக்கோஸ் தண்ணியைக் குடிக்க வருவாங்க. அம்மாவுக்கு சர்க்கரை இருந்ததுன்னு சொல்ல, வீட்டில் யாராவது ஞாபகம் வச்சிருக்கணுமே.