மட்டாஞ்சேரியின் சட்டசபை அங்கத்தினர்

கொச்சி மன்னர்கள் முடிசூடிக்கொண்ட மட்டாஞ்சேரி அரண்மனையும், அதன் வளாகத்திலுள்ள பழையன்னூர் பகவதி கோயிலும், அவற்றை அடுத்து 1568ஆம் ஆண்டில் எழும்பிய பரதேசி யூதர்களின் ஜெப ஆலயமும் அருகருகே நிற்பதைக் கண்டு, பல மதத்தினரும் இணங்கி வாழ்ந்த பூமி இது என்று யாத்திரிகர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதியது மெய்யே. தேசம் தேசமாகத் துரத்தப்பட்ட ஓர் இனத்தாருக்குத் தம் அரண்மனையை ஒட்டியே நிலம் அளித்த மன்னர் பரம்பரையின் பெருந்தன்மையை எவரும் மறுத்தற்கில்லை. ஆயினும், 18ஆம் நூற்றாண்டில் எசெக்கியேல் ரஹாபி என்ற வணிகப் பிரபு சீனத்திலிருந்து தருவித்துப் பதித்த நீலமும் வெண்மையுமான பீங்கான் தளத்தோடு திகழும் அந்த ஜெப ஆலயக் கூடத்தில், யார் பலகையில் அமரலாம், யார் முன்கூடத்துத் தரையோடு நின்றுவிட வேண்டும் என்பதற்கு ஒரு கொடிய வரம்பும் இருந்துவந்தது.

பரதேசி யூதர்களின் வீடுகளில் அடிமைகளாயிருந்து, யூத மதத்தைத் தழுவி விடுதலை பெற்றவர்களின் சந்ததியாருக்கு மெஷுக்ராரிம் என்று பெயர். அவர்கள் அதே ஆண்டவனைத் தொழுதார்கள். அதே ஹீப்ரு மொழியில் ஜெபித்தார்கள். அதே ஓய்வுநாளை அனுஷ்டித்தார்கள். எனினும் வெள்ளை யூதர்கள் எனப்பட்ட பரதேசிகளோடு சமமாக அமரவோ, வேதமாகிய தோராவை ஓதச் சமமாக அழைக்கப்படவோ, அவர்களோடு விவாக சம்பந்தம் கொள்ளவோ அவர்களுக்கு உரிமையில்லை. முறைப்படி ஸ்நான சம்ஸ்காரம் பெற்றவர் முழு யூதரே என்று கெய்ரோ நகரத்து மத குரு ஒருவர் கொச்சியிலிருந்து சென்ற வினாவுக்கு 16ஆம் நூற்றாண்டிலேயே விடையளித்திருந்தார். சாஸ்திரம் அவ்வாறு தீர்ப்புரைத்தும், இம்மண்ணின் சாதி வழக்கமே வென்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆவோ என்பவரின் தலைமையில் மெஷுக்ராரிம் சிலர் மனுக்கள் எழுதிப் போராடினார்கள், பலன் காணாமல், ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த கொச்சிக் கோட்டைப் பகுதிக்கே குடிபெயர்ந்தும் பார்த்தார்கள், அம்முயற்சி நீடிக்கவில்லை.

அந்த ஆவோவின் வம்சத்தில் 1882ஆம் ஆண்டில் பிறந்தவரே ஆப்ரஹாம் பராக் சாலெம். எர்ணாகுளம் கல்லூரியிலும், பின்னர் சென்னையிலும் கல்வி கற்று, கொச்சி யூதர்களுள் முதல் பட்டதாரி என்ற பெருமையை எய்தி, வக்கீலாக எர்ணாகுளத்தில் தொழில் நடத்தினார். நீதிமன்றத்தில் நின்று பிறருக்காக வாதாடும் பட்டதாரி ஒருவர், ஓய்வுநாளில் தம் சொந்த ஜெப ஆலயத்தில் தாழ்ந்த இடத்துக்கு ஒதுங்க வேண்டியிருந்த நிலையை எண்ணும்போது நெஞ்சம் கொதிக்கிறது.

1925ஆம் ஆண்டில் கொச்சி சமஸ்தானத்தில் சட்டசபை தொடங்கியபோது சாலெம் அதில் இடம்பெற்று, 1931 வரையில் அங்கத்தினராய் இருந்தார். வைக்கம் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்து, நம் ஈ. வெ. ராமசாமி அவர்கள் சிறை சென்று மீண்டிருந்த காலம் அது. சட்டசபைக்கு வெளியிலும் சாலெம் தொழிலாளரின் சங்கங்களுக்குத் துணைநின்றார். எர்ணாகுளத்தில் சிறு குன்று ஒன்றின்மேல் நின்று அவர் பொதுஜனங்களிடையே அடிக்கடி பிரசங்கம் செய்ததால், அந்த இடத்தையே சாலெம் குன்று என்று மக்கள் அழைக்கலாயினர். பூரண சுயராஜ்யமே லட்சியம் என்று காங்கிரஸ் தீர்மானித்த 1929ஆம் ஆண்டு லாகூர் மகாநாட்டுக்கும் அவர் சென்றிருந்தார்.

நாட்டுக்குச் சுதந்திரம் கேட்கும் வாயால் தம் ஆலயத்தில் சமத்துவம் கேளாதிருப்பது அவருக்கு இயலாத காரியமாயிற்று. காந்தியடிகள் காட்டிய அகிம்சை வழியையே அவர் அங்கும் கைக்கொண்டார். சிலகாலம் ஆலயத்துக்குச் செல்லாமலே பகிஷ்கரித்தார். மீண்டும் சென்றபோது, விலக்கப்பட்ட இடத்தில் தம் மக்களோடு அமைதியாக அமர்ந்து, சினமும் வசைமொழியுமின்றித் தம் உரிமையை நிலைநாட்ட முயன்றார். ஒரு சாம்ராஜ்யத்தை எதிர்ப்பதைவிட இது கடினமான போர் என்றே நான் கருதுகிறேன். எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் அன்றாடம் ஒரே தெருவில் முகம்பார்த்து வாழும் அண்டைவீட்டார் அல்லவா? 1930களின் நடுவில் பழைய தடைகள் பல தளர்ந்தன. யூத காந்தி என்று அவரை ஜனங்கள் போற்றியது இத்தகைய பொறுமைக்காகவே. ஆனால் மனங்கள் அவ்வளவு விரைவில் இளகவில்லை: 1950ஆம் ஆண்டில் அவருடைய புதல்வர் ஒருவர் வெள்ளை யூதர் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, அச்சிறிய சமூகத்தில் எழுந்த கொந்தளிப்பு எளிதில் அடங்கவில்லை.

1939 முதல் 1945 வரையில் அவர் மறுபடியும் சட்டசபையில் பணியாற்றினார். கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார் திவானாயிருந்து, சபைக்குப் பொறுப்புள்ள மந்திரி ஒருவரை நியமிக்கும் இரட்டையாட்சி முறையை 1938இல் கொச்சியில் ஏற்படுத்தியிருந்தபடியால், இம்முறை சபைக்கு ஓரளவு அதிகாரமும் இருந்தது.

1933இல் பாலஸ்தீனத்துக்குச் சென்று வந்ததிலிருந்தே யூதர்களின் தாயகத்தைப் பற்றிய கனவும் சாலெமின் உள்ளத்தில் குடிகொண்டது. இஸ்ரேல் தேசம் உருவானபின், கேரளத்து யூதர்கள் தம் உடைமைகளை விற்றுவிட்டுப் பிரயாணத்துக்குக் காத்திருந்தும், யானைக்கால் நோய் பரவுமென்ற அச்சத்தால் அங்குள்ள அதிகாரிகள் தயங்கினர். 1953இல் எழுபது வயது கடந்த சாலெம் இஸ்ரேலுக்கு நேரிற் சென்று அந்த யூதர்களுக்காக வாதாடினார். அவர்களுள் பெரும்பான்மையோர் கேரளத்தில் நெடுங்காலமாக வாழ்ந்த மலபாரி யூதர்கள். பரதேசி ஜெப ஆலயத்தோடு தொடர்பற்றவர்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அவர்களுட் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தனர். பிறருக்கு வழி திறந்துவிட்ட அவரோ கொச்சியிலேயே தங்கி, 1967ஆம் ஆண்டில் இங்கேயே காலமானார். மறு ஆண்டின் இறுதியில் அந்த ஜெப ஆலயத்தின் நானூறாவது ஆண்டு விழா இந்திரா காந்தி அம்மையாரின் முன்னிலையில் நடைபெற்றது.