பாரிசவாதமும் பாட்டும் பொறியும்

கேகாலை மாவட்டத்தில், மாவனல்லைக்குத் தெற்கே மலைகளுக்கிடையில் அமைந்தது அரநாயக்க. அசுபினி எல்ல என்னும் அருவியைக் காண வருவோருக்கு அது எழில்மிகு மலைநாடு. ஏனையோருக்கோ 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் நிகழ்ந்த பெரும் மண்சரிவினால் அறிமுகமான பெயர். அன்று சாமசர மலை சரிந்து குடியிருப்புகளை மூடிய செய்தி உலகெங்கும் பரவியது. ஆயின், இம்மலைப்பகுதித் தோட்டமொன்றின் லயத்தில், முதியவர் ஒருவர் விடியற்காலையில் எழ முயன்று, வலக்கையும் வலக்காலும் தம் சொற்படி கேளாமை கண்டு திகைப்பது எந்தச் செய்தியிலும் இடம்பெறுவதில்லை. பாரிசவாதம் ஓசையின்றி வரும் சரிவு. அதனால் வீழ்ந்தவரை மீட்டெடுக்க மனிதர் கண்ட வழிகளின் வரலாறு அறியத்தக்கது.

மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் நாளம் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பாரிசவாதம் உண்டாகிறது. மூளையின் இடப்பாகம் உடலின் வலப்பாகத்தை ஆள்கிறது. பெரும்பாலோரிடத்தில் பேச்சையும் அதுவே ஆள்கிறது. எனவே இடப்பாகம் தாக்குண்டால் கையும் நாவும் ஒருங்கே செயலிழத்தல் கூடும். கொழுந்து பறித்தும் இறப்பர்ப் பால் வெட்டியும் கைத்திறனாலேயே வாழ்ந்த ஒருவருக்கு அந்த இழப்பு எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இரத்த அழுத்தம் மிகுதலே இந்நோய்க்கு முதன்மையான காரணம். வலி தராத அவ்வழுத்தம் பல ஆண்டுகள் அறியப்படாமலேயே இருந்துவிடுகிறது.

தோட்ட மக்களுக்கான வைத்திய ஏற்பாடுகள் கோப்பிக் காலத்திலேயே தொடங்கின. 1872ஆம் ஆண்டில் தோட்டங்களின் வைத்தியத் தேவைகளுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1912இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு முயற்சியைத் தொடங்கினர். காய்ச்சல், வயிற்றோட்டம், புழுநோய், பிள்ளைப்பேறு ஆகியவையே அக்கால வைத்தியத்தின் கவலைகள். தொழிலாளியை விரைவில் வேலைக்குத் திருப்புவதே அதன் நோக்கம். வேலை செய்து முடித்த முதியவருக்கு மாதக்கணக்கில் கையசைவையும் பேச்சையும் பயிற்றுவிக்கும் வைத்தியத்துக்கு அவ்வேற்பாட்டில் இடமிருக்கவில்லை. உலகத்தின் வேறு பகுதிகளிலும் அவ்வைத்தியம் மெல்ல மெல்லவே உருப்பெற்றது.

அதன் தொடக்கத்திலே ஒரு பாட்டு இருக்கிறது. 1745ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் ஒலோப் டாலின் ஒரு குறிப்பை வெளியிட்டார். நோயினால் வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் இழந்த விவசாயி மகன் ஒருவனைப் பற்றியது அது. 'ஆம்' என்ற ஒரு சொல்லையன்றி அவன் வாயில் வேறு சொல் எழவில்லை. எனினும், நோயுறுமுன் கற்ற தேவாலயப் பாடல்களை அவன் சொற்கள் திருத்தமாக விளங்கும்படி பாடினான். அக்குறிப்பிலே ஒரு நுட்பமும் உண்டு. பாடலைத் தொடங்கும்போது மற்றொருவர் அவனுடன் சேர்ந்து சிறிது பாடவேண்டியிருந்தது. அடியெடுத்துக் கொடுத்தபின் அவன் தானாகவே தொடர்ந்தான்.

இதன் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. 1861இல் பிரெஞ்சு வைத்தியர் போல் புரோக்கா, 'டான்' என்னும் ஓரொலியையன்றி வேறொன்றும் சொல்லவியலாதிருந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவரது மூளையை ஆராய்ந்தார். இடப்பக்கத்தின் முன்பகுதியில் சிதைவு இருப்பதைக் கண்டார். அதன்பின் அவரும் பிறரும் செய்த ஆய்வுகளால் பேச்சு இடப்பக்க மூளையைச் சார்ந்தது என்ற முடிவு வலுப்பெற்றது. பாட்டிற்கோ வலப்பக்கமும் பெரிதும் துணைபுரிகிறது. ஆகவே பேச்சின் பாதை அடைபட்டபோதும் பாட்டின் பாதை திறந்திருத்தல் இயலும்.

இவ்வுண்மையைச் சிகிச்சையாக்க மேலும் நூறாண்டு கடந்தது. 1973இல் ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்டன் நகர ஆய்வாளர்கள் ஒரு முறையை வெளியிட்டனர். அன்றாடம் வேண்டப்படும் சிறு சொற்றொடர் ஒன்றை உயர்ந்தும் தாழ்ந்தும் வரும் இரண்டு சுரங்களில் பாடச் செய்வதும், ஒவ்வோர் ஒலிக்கூறுக்கும் இடக்கையால் தாளமிடச் செய்வதும் அம்முறை. பயிற்றுநர் முதலில் உடன் பாடுவார். பின்னர் தம் குரலைச் சிறிது சிறிதாகக் குறைப்பார். ஈற்றில் நோயாளி மட்டுமே பாடுவார். அதன்பின் இசை தளர்ந்து பேச்சாகும். இதிலும் எல்லை உண்டு. பயின்ற தொடர்களில் பயன் தெளிவாகத் தெரிகிறது. பயிலாத பேச்சில் அது குறைகிறது. ஆயினும், 'தண்ணி வேணும்' என்று நான்கு ஒலிக்கூறுகளைச் சொல்ல இயலாமல் கண்ணீர் வடிப்பவருக்கு அத்தொடர் மீண்டும் கிடைப்பது சிறு பயனன்று.

நாவுக்கு இசை உதவியவாறே காலுக்குத் தாளம் உதவுகிறது. நோயாளியின் நடைக்கேற்ற வேகத்திலே தாளத்தை ஒலிக்கச் செய்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஓரடி எடுத்துவைக்கப் பழக்கும் முறையை ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ ஆய்வாளர்கள் வகுத்தனர். 1997இல் அவர்கள் அதன் முடிவுகளை வெளியிட்டனர். 2007இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், 78 நோயாளிகளுள் தாளத்துடன் மூன்று வாரம் பயின்றோர் வேறு முறையில் பயின்றோரைவிட விரைவாகவும் நீண்ட அடியெடுத்தும் நடந்தனர். அவ்வாண்டிலேயே ஜெர்மானிய ஆய்வாளர்கள், செயல் குன்றிய கையால் விசைப்பலகையையும் முரசுத் தட்டுகளையும் இயக்கச் செய்து பயன் கண்டனர். 2008இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரிலே 60 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கிய முடிவு வெளியாயிற்று. தாம் விரும்பிய இசையை இரண்டு மாதம் நாள்தோறும் கேட்டோருக்குச் சொல் நினைவும் கவனமும் மற்றையோரைவிட மேம்பட்டிருந்தன, மனச்சோர்வும் குறைந்திருந்தது.

இசை ஒருபால் இவ்வாறு வளர, மறுபால் பொறிகள் வந்தன. செயலிழந்த உறுப்பு மீள வேண்டுமாயின் ஓர் அசைவைப் பன்முறை செய்தல் வேண்டும். ஆயின், வைத்தியசாலைப் பயிற்சிகளை நேரில் கண்டு எண்ணிய ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தபோது, பயனுள்ள கைச்செயல்கள் ஓர் அமர்வில் சராசரி 32 முறையே செய்யப்பட்டமை தெரிந்தது. பொறிக்கோ களைப்பில்லை, ஓர் அமர்வில் நூற்றுக்கணக்கான அசைவுகளை அது செய்விக்கும். மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் நெவில் ஹோகனும் ஹெர்மானோ கிரெப்ஸும் உருவாக்கிய கைப்பயிற்சி ரோபோவினால் 20 நோயாளிகளிடம் கண்ட முடிவு 1997இல் வெளியாயிற்று. நோயாளி கையை நகர்த்த முயன்றால் அப்பொறி விட்டுக்கொடுக்கும். முயற்சி தளர்ந்தால் வழிகாட்டும். நடைப்பயிற்சிக்கான பொறிகளும் சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளில் தோன்றின.

பொறியின் ஆற்றல் பின்னர் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. 2010இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் 127 பேரைக் கொண்ட ஆய்வு வெளிவந்தது. அதில், பயிற்றுநர் ஒருவர் பொறிக்கு நிகரான கடும் பயிற்சியைத் தம் கைகளாலேயே அளித்தபோது, பொறி அவரை விஞ்சவில்லை. 2019இல் பிரித்தானியாவில் 770 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. கைக்கான ரோபோப் பயிற்சி வழமையான சிகிச்சையைவிட மேலான கைத்திறனைத் தரவில்லை என்பதே அம்முடிவு. பொறியிலே நேர்க்கோடு வரையப் பழகிய கை, வீட்டிலே கோப்பையைத் தூக்கத் தானாகக் கற்றுக்கொள்வதில்லை. நடையின் நிலை சற்று வேறு. நோயுற்ற முதல் மூன்று மாதங்களில், நடக்கவே இயலாதவர்களுக்கு, வழமையான பயிற்சியுடன் பொறியும் சேரும்போது தனித்து நடக்கும் வாய்ப்புக் கூடுகிறது. ஆகவே பொறி பயனற்றதன்று; அதற்கு உரிய இடமும் காலமும் உண்டு.

தமிழ்நாட்டின் வேலூர் இவ்வரலாற்றிலே குறிப்பிடத்தக்க ஊர். 1954இல் நேர்ந்த வீதி விபத்தினால் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த வைத்தியர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயோர்க் சென்று புனர்வாழ்வு வைத்தியம் கற்றார். அவர் முயற்சியால் 1966இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் உள்ளுறை நோயாளருக்கான புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அக்கல்லூரியும் சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகமும் சேர்ந்து 'புளூட்டோ' என்னும் கைப்பயிற்சிப் பொறியை உருவாக்கியுள்ளன. ஒரே விசையில் பல பிடிகளை மாற்றிப் பொருத்தி மணிக்கட்டையும் விரல்களையும் பயிற்றும் சிறு பொறி அது. மேசைமேல் வைக்கத்தக்க அத்தகைய பொறியே மலைநாட்டுச் சிறு வைத்தியசாலைக்கும் ஏற்றது.

பொறியில்லாவிடில் பயிற்சியைக் குடும்பத்தாரிடமே ஒப்படைத்துவிடலாம் என்று எண்ணுவோரும் உளர். அதுவும் சோதிக்கப்பட்டது. இந்தியாவின் 14 வைத்தியசாலைகளில் 1,250 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியாயிற்று. குடும்பத்தாருக்குச் சிறிது பயிற்சி அளித்து வீட்டிற்கு அனுப்பியதால், மரணமோ பிறர்தயவில் வாழும் நிலையோ குறையவில்லை. அன்பு மட்டும் போதாது; தேர்ந்த துணை தொடர்ந்து வேண்டும்.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு மீண்டும் அரநாயக்கவை நோக்கலாம். பாரிசவாதம் கண்டவுடன் செல்லவேண்டிய இடம் வைத்தியசாலையே. அடைப்பைக் கரைக்கும் மருந்து தகுந்தவர்க்கு நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றப்பட வேண்டும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 என்னும் இலவச அம்புலன்ஸ் சேவை இதற்குப் பேருதவி. புனர்வாழ்வுக்கென ராகமையிலும் திகனையிலும் வைத்தியசாலைகள் உள. எனினும், மலையிறங்கி பஸ் ஏறி வாரந்தோறும் அங்கே செல்வது நடக்கவியலாத முதியவருக்கு அரிது. ஒருவர் உடன் சென்றால் அவரது அன்றைய நாட்சம்பளமும் போகும். சிகிச்சையின் பயன் நாள்தோறும் செய்வதில் இருக்க, நாள்தோறும் செய்வதற்கே வழியின்றிப் போகிறது.

ஆனால் தோட்டங்களிலே ஒரு செல்வம் உண்டு. முற்காலத்தில் பிரட்டுக்கு ஆள் கூட்டத் தப்பு முழங்கியது. அத்தாளத்திற்குக் கால்கள் எழுந்து நடந்தன. தாலாட்டும் கும்மியும் மாரியம்மன் பாடல்களும் காமன் கூத்தும் இன்றைய முதியோரின் இளமையோடு பிணைந்தவை. அப்பாடல்களின் ஒரு பகுதியைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலாக 1983இல் வழங்கினார். நாட்டார் கலையைப் பேணும் நோக்குடன் தொகுக்கப்பட்ட அந்நூல், பேச்சிழந்த முதியவரின் நினைவைத் தொடத் தேடுவோருக்கும் பயன்படக்கூடியது. சுவீடன் விவசாயி மகனுக்கு மீண்டு வந்தவை நோயுறுமுன் கற்ற பாடல்களேயன்றோ? அரநாயக்க மலைத்தோட்டத்துப் பாட்டிக்குப் பொஸ்டன் நகரத்து மெட்டு வேண்டியதில்லை. அவர் தம் பேரக்குழந்தைகளை உறங்கவைத்த மெட்டிலேயே 'தண்ணி வேணும்' என்பதை அமைக்கலாம்.

அமைப்பவர் யார் என்பதே எஞ்சும் வினா. இயன்மருத்துவரும் பேச்சுச் சிகிச்சையாளரும் தோட்டத்தை நாடி வரவேண்டும். பேச்சுப் பயிற்சி தாய்மொழியிலன்றி நிகழாதாகையால், வருபவர் தமிழறிந்தவராதல் இன்றியமையாதது. அவர் வகுத்துக் கொடுத்ததை நாள்தோறும் நடத்தத் தோட்டத்து இளைஞர் சிலர் முறையாகப் பயிலவும், அவர்கள் செய்வதை அவர் திரும்பத் திரும்ப வந்து திருத்தவும் வேண்டும். பொறி பின்னர் வரலாம். வரும்போது அதை இயக்கத் தேர்ந்த கை அங்கே ஆயத்தமாக இருக்கும்.

டாலின் கண்ட நோயாளிக்குப் பாடல் முழுவதும் தெரிந்தேயிருந்தது. ஆயினும் ஒருவர் அருகிருந்து முதலடியை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மலைத்தோட்டங்களிலே நாவடங்கிக் கிடக்கும் முதியோருக்கும் அந்த ஒருவரே வேண்டும்.