கைரேகைக்கு ஒரு சட்டம்: இல்லினாய் மாநிலத்தின் வரலாறு

கைநாட்டு என்ற சொல் தமிழில் எழுத்தறியாமையின் அடையாளமாகவே நெடுங்காலம் வழங்கி வந்தபோதிலும், கையொப்பத்தைவிடக் கைரேகையே உறுதியான சான்று என்ற எண்ணம் ஆட்சி நடைமுறையாக வேரூன்றியது இந்திய மண்ணில்தான். 1858-ஆம் ஆண்டு வங்காளத்தின் ஜங்கிப்பூரில் பணியாற்றிய வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குச் சரளை கொடுக்க ஒப்புக்கொண்ட ஒருவரிடம் உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத்தின் மீது பதிக்கச் செய்தார். பின்னாளில் அந்த மனிதர் தம் கையொப்பத்தை மறுத்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஆக, கைரேகை இவ்வாறு பயன்படத் தொடங்கிய நாளிலிருந்தே அதைப் பெறுபவருக்குப் பிடியாகவும் கொடுப்பவருக்குத் தளையாகவும் இருந்துவந்தது. பெற்றவர் அதை எத்தனை காலம் வைத்திருக்கலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்று கொடுத்தவர் கேள்வி எழுப்புவதற்கு ஒரு சட்டம் அமெரிக்காவில் பிறக்க அதன்பின் சரியாக 150 ஆண்டுகள் ஆயின. இல்லினாய் மாநிலத்தில் அது பிறந்ததற்கு உடனடிக் காரணமாக அமைந்தது ஒரு நிறுவனத்தின் வீழ்ச்சி.

அந்த நிறுவனத்தின் பெயர் பே பை டச். சான் பிரான்சிஸ்கோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அது, மளிகைக் கடைகளில் வாடிக்கையாளரின் விரல்ரேகையை அவருடைய வங்கிக் கணக்குடன் இணைத்து, பணமோ அட்டையோ இல்லாமல் விரலை வைத்தே பொருள் வாங்கும் வசதியை அளித்தது; சிகாகோ வட்டாரக் கடைகளும் அதன் சோதனைக் களங்களாக இருந்தன. 2007-ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவனம் திவால் நீதிமன்றத்தை அடைந்தபோதுதான், கடனை அடைக்க விற்கப்படக்கூடிய சொத்துகளுள் மக்களின் விரல்ரேகைத் தரவும் அடங்கும் என்ற உண்மை வெளிப்பட்டது. மேசை, நாற்காலி, கணினி ஆகியவற்றோடு ஆயிரக்கணக்கானோரின் விரல்களும் ஏலத்துக்கு வரலாம் என்ற நிலை அது. அட்டை எண் திருடுபோனால் வேறு எண் பெறலாம், கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பத்து விரல்களின் ரேகை களவுபோனால் அவற்றுக்கு ஈடாக வேறு பத்து கிடைப்பதில்லை. இந்த எளிய உண்மையைச் சட்டத்தின் முகவுரையிலேயே இல்லினாய் சட்டமன்றம் எழுதிவைத்தது.

அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கத்தின் இல்லினாய்க் கிளை ஆதரித்த அந்த மசோதா, 2008 அக்டோபர் 3 அன்று பயோமெட்ரிக் தகவல் தனியுரிமைச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. பயோமெட்ரிக் என்பது ஒருவரை அடையாளம் காண உதவும் உடற்கூற்று அளவீடு. விரல்ரேகை, விழித்திரை, கருவிழி, குரல், கை அல்லது முகத்தின் வடிவ அளவு ஆகியவற்றைச் சட்டம் அவ்வாறு வரையறுத்தது. இவற்றைப் பெறுமுன் எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்பதை எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் இசைவு பெற வேண்டும். நோக்கம் நிறைவேறியதும், எப்படியாயினும் கடைசித் தொடர்புக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்குள், தரவை அழித்துவிட வேண்டும். அதை விற்கவோ அதனால் ஆதாயம் அடையவோ எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் உரிமை இல்லை. அரசு அலுவலகங்களையும், வேறு கூட்டரசுச் சட்டத்துக்கு உட்பட்ட நிதி நிறுவனங்களையும் சட்டம் தொடாமல் விட்டது அதன் குறையே. ஆயினும் அதன் உயிர்நாடி இந்தப் பிரிவுகளில் இல்லை. பாதிக்கப்பட்ட எவரும் தாமே நீதிமன்றம் சென்று, கவனக்குறைவான மீறலுக்கு 1,000 டாலரும், வேண்டுமென்றோ பொறுப்பின்றியோ செய்த மீறலுக்கு 5,000 டாலரும் கோரலாம் என்ற ஒரு சிறிய பிரிவில்தான் இருக்கிறது.

ஏழு ஆண்டுகள் அந்தப் பிரிவு ஏறக்குறைய உறங்கிக் கிடந்தது. 2015-இல் ஃபேஸ்புக் மீது குழு வழக்கு, அதாவது ஒரே குறையுடைய பலருக்காகச் சிலர் தொடுக்கும் வழக்கு, தாக்கலானது. பயனர்கள் ஏற்றிய படங்களிலுள்ள முகங்களை அளந்து பெயர் பரிந்துரைக்கும் வசதிக்கு எழுத்து இசைவு பெறப்படவில்லை என்பதே குற்றச்சாட்டு. 65 கோடி டாலர் சமரசத் தொகைக்கு 2021-இல் நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு நவம்பரில், நூறு கோடிக்கும் மேற்பட்டோரின் முக அளவுகளை அழிக்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

ஆனால் சட்டத்தின் போக்கைத் தீர்மானித்தது ஒரு சிறுவனின் கட்டைவிரல். சிகாகோவுக்கு வடக்கே கர்னீ என்ற ஊரிலுள்ள சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கேளிக்கைப் பூங்காவுக்குப் பள்ளிச் சுற்றுலா சென்ற 14 வயது மாணவனிடம், பருவகால நுழைவுச் சீட்டுக்காக, தாயின் எழுத்து இசைவின்றிக் கட்டைவிரல் ரேகை பெறப்பட்டது. தாய் வழக்குத் தொடுத்தார். ரேகை திருடப்படவும் இல்லை, எவருக்கும் பண இழப்பும் இல்லை. எனவே வழக்கே இல்லை என்பது பூங்காவின் வாதம். 2019 ஜனவரி 25 அன்று இல்லினாய் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக நிராகரித்தது. தன் உடலின் அடையாளத்தைக் கொடுப்பதா மறுப்பதா என்று முடிவெடுக்கும் உரிமை பறிபோனதே உண்மையான தீங்கு, வேறு இழப்பை மெய்ப்பிக்கத் தேவையில்லை என்று அது கூறியது. ரேகை தவறான கைகளில் சிக்கியபின் இழப்பீடு கேட்பதில் பயனேதும் இல்லாதபோது, இதைவிடச் சரியான தீர்ப்பு இருந்திருக்க முடியாது.

அதன்பின் வழக்குகள் பெருகின. அவற்றுள் பெரும்பாலானவை தொழிலாளர்களுடையவை. வேலைக்கு வரும்போதும் போகும்போதும் வருகைப் பதிவுக் கருவியில் விரல் வைப்பவருக்கு மறுக்கும் சுதந்திரம் பெயரளவில்கூட இருப்பதில்லை என்பதால், சட்டத்தின் தேவை அவர்களுக்கே மிகுதி. பிஎன்எஸ்எஃப் ரயில்வேயின் சரக்கு முற்றங்களுக்குள் நுழைய விரல்ரேகை கொடுத்த லாரி ஓட்டுநர்களின் வழக்குதான் இச்சட்டத்தின்கீழ் ஜூரிகள் முன் விசாரணை நடந்த முதல் வழக்கு. கருவியை இயக்கியது ஒப்பந்த நிறுவனமே, தாங்கள் அல்ல என்ற வாதத்தை ஏற்காத ஜூரிகள் 45,600 மீறல்களை 2022-இல் உறுதிசெய்தனர். ஒன்றுக்கு 5,000 டாலர் வீதம் 22.8 கோடி டாலர் விதிக்கப்பட்டது. பின்னர் அத்தொகை நீக்கப்பட்டு, வழக்கு 7.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

2023 பிப்ரவரியில் ஒயிட் காசில் உணவக வழக்கில், விரல் வைக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் தனி மீறலே என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இழப்பீடு 1,700 கோடி டாலரைத் தாண்டக்கூடும் என்று அந்நிறுவனம் முறையிட்டது. தொழில்துறையின் அழுத்தத்தால் 2024 ஆகஸ்டில் சட்டம் திருத்தப்பட்டு, ஒரே நபரிடமிருந்து ஒரே முறையில் எத்தனை தடவை ரேகை பெற்றிருந்தாலும் அவருக்கு ஒரே இழப்பீடுதான் என்றாயிற்று. தொகை குறைந்தது, வழக்குத் தொடுக்கும் உரிமை குறையவில்லை. டெக்சாஸ் மாநிலம் இயற்றிய சட்டத்தில் அந்த உரிமை மாநிலத் தலைமை வழக்கறிஞருக்கு மட்டுமே தரப்பட்டதால், அங்கு முதல் வழக்கு வரவே 2022 ஆகிவிட்டது.

ஹெர்ஷல் ரேகை பெற்ற நாட்டுக்கு இந்த ஒப்பீடு மிகவும் பொருந்தும். ஆதார் அடையாளத்தைத் தனியார் நிறுவனங்கள் கோர இடமளித்த 57-ஆம் பிரிவின் பகுதியை 2018 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. ஆனால் 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பயோமெட்ரிக் தரவுக்குத் தனிக் காப்பு எதையும் வகுக்கவில்லை. அலட்சியத்தால் தரவைக் காக்கத் தவறிய நிறுவனத்திடம் இழப்பீடு கோர வழிசெய்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் அது வகை செய்கிறது. புதிய சட்டத்தின்கீழ் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். வசூலாகும் தொகை முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதியில் சேரும், ரேகையைக் கொடுத்தவருக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை.